தேசிக்காய் நீட்டிய கை

வதனி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் என் வீடியோக் கடையில் ஒரு கலியாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மணப்பெண் தாலி ஏறும் நேரத்தில் எதற்கோ சிரிப்பை அடக்கப் பாடுபடும் இடம். தொலைபேசியில் வதனியின் அக்கா, "விடிய முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். திரையில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கியபடியே நின்றாள். கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

துறைமுகத்துக்குக் கிட்டிய மருந்துக்கடையில் அவளிடம் மருந்து வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவள் ஒரேயொரு படத்தில் நடித்தவள் என்பது சிலருக்குத்தான் தெரியும். 'நாலரை லோஞ்ச்' என்பது அதன் பெயர், சிரிக்கவைக்க எடுத்த காதல் படம். நண்பர்கள் சேர்ந்து எடுத்தோம். எழுதி இயக்கியது நான். திருகோணமலையில் வேலை செய்யும் மூதூர்க்காரன் ஒருவன். பாலங்கள் வந்துவிட்டன, பஸ்ஸில் சுகமாக வீடு போகலாம். ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாத அந்த மனிதன் ஒவ்வொரு பின்னேரமும் நாலரை மணி லோஞ்சில், குடாவைக் கடக்கும் அந்த இயந்திரப் படகில், ஏறிப் பாதி வழியில் வாந்தி எடுக்கிறான்; எங்கள் பேச்சில் அது சத்தி. அதே லோஞ்சில் அவள் போகிறாள், அதுதான் காரணம். அவள் முகர்ந்து பார்க்கச் சொல்லிப் பாதித் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, நீட்டுகிறாள். காதல் என்ற சொல்லை இரண்டு பேரும் கடைசிவரை வாயில் எடுப்பதில்லை. அவ்வளவுதான் கதை.

அந்தத் தேசிக்காய்க் காட்சியில் அவனுடைய கண்ணைப் பார்த்துக் கொடு என்று வதனியிடம் சொன்னேன். முடியாது என்றாள். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். திரும்பவும் சொன்னேன், திரும்பவும் கடலைப் பார்த்தாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. காதல் படத்தில் முகத்தைத் திருப்பினால் ஆர் நம்புவான் என்று கத்தினேன். அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "சத்தி எடுக்கிற ஆளின்ரை முகத்தைப் பாக்கக்கூடாது அக்கா. அவருக்கு வெக்கம். பாக்காமல் குடுக்கிறதுதான் உண்மையான விருப்பம்." லோஞ்ச்காரர் அவசரப்படுத்தியதால் அவள் சொன்னபடியே எடுத்தோம். படத்தில் இப்போது எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

படம் ஒரு மண்டபத்தில் ஓடியபோது ஒருவரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. நான் பின் கதிரையில் இருந்து வியர்த்துக் கொட்டினேன். முடிந்ததும் ஒருவர் எழும்பி, இவ்வளவு நடந்த மண்ணில் உங்களுக்குக் காதல் பகிடிதான் கேட்குதோ என்றார். வதனி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சொன்னாள்: "அழுறதுக்கு எங்களுக்கு ஒருத்தரும் படம் எடுத்துத் தரத் தேவையில்லை ஐயா." ஒரு கிழமை கழித்து மூதூரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் என்னைத் தெருவில் மறித்தார். "மண்டபத்துக்குள்ள சிரிப்பு வரல்ல மகள். லோஞ்சில போகக்குள்ள வந்திட்டு. பக்கத்தில இருந்தவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான்" என்றார். அந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

பிறகு வதனிக்குக் கிளிவெட்டியில் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை குகனேசன், வயல் செய்பவர், ஒருவருடைய சோலி சுரட்டுக்கும் போகாத மனிதர். வேறொருவனுடன் சோடியாக நடித்தவள் என்பது அவருடைய வீட்டாருக்கு முள்ளாகக் குத்தியது. அந்தப் படத்தைப் பற்றி இனிப் பேசக்கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். வதனியும் தலையாட்டினாள். நான் அவளோடு சண்டை பிடித்தேன். "அவர் கேக்கட்டும் அக்கா. கேட்டாக் காட்டுவன். கேக்காட்டி விடுவம்" என்றாள். அவர் கேட்கவே இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை குகனேசன் என் கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"அந்தப் படத்தைப் பாக்கோணும் அக்கா. வீட்டில ஏலாது. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் டிவி போடமாட்டம்."

"இப்ப ஏன் தம்பி?"

"கடைசி மாதங்களில அவ என்னைப் பாத்துச் சிரிச்சவ. கான்சருக்கு மருந்து ஏத்திப்போட்டுக் கிடக்கேக்க நான் பக்கத்தில போனாச் சிரிப்பு. ஏன் எண்டு கேட்டா, பிறகு சொல்லுறன் எண்டுவா. ஒருநாள் நான் கோவிச்சும் போட்டன். சொல்லாமலே போயிட்டா." பிறகு சுவரில் ஒட்டியிருந்த படத்தின் சுவரொட்டியைப் பார்த்தார். அதில் வதனிக்குப் பக்கத்தில் நின்றவர் கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். "அவ ஆரை நினைச்சுச் சிரிச்சவ?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. செத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? எழும்பிப் போங்கள் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அந்த மனிதருக்கு நித்திரை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேட்டால் காட்டுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். படத்தைப் போட்டேன்.

கதிரை நுனியில் இருந்து பார்த்தார். அந்த நடிகர் வரும் இடங்களில் அவருடைய தாடை இறுகியது. தேசிக்காய்க் காட்சி வந்தது. வதனி கடலைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ" என்றார்.

நிறுத்தினேன்.

"நானும் இப்பிடித்தான் குடுத்தனான்" என்றார். "மருந்து ஏத்தினாப் பிறகு அவவுக்கு ஒரே சத்தி. தேசிக்காய் வெட்டிக் குடுப்பன். அவ படுற பாட்டைப் பாக்க ஏலாது எனக்கு. யன்னலைப் பாத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவன். அப்பதான் சிரிப்பா."

"அப்ப உங்களைப் பாத்துத்தான் சிரிச்சிருக்கிறா. நீங்கள் அவவைப் போலச் செய்திருக்கிறியள்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடினார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் சார்பில் நான் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் பார்க்கவேண்டும் என்றார்.

படத்தின் கடைசிக் காட்சியில் கடல் அசைவதே இல்லை. அவனுக்குச் சத்தி வரவில்லை. வெட்டின தேசிக்காயை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். துறை கிட்டுகிறது. இருந்தாற்போல் அவன், தேவையே இல்லாமல், கையை நீட்டுகிறான். அவள் கொடுக்கிறாள். அதோடு படம் முடிகிறது.

திரை கறுத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கிழமை சத்தி நிண்டிட்டுது அக்கா" என்றார் மெதுவாக. "இனித் தேவையில்லை எண்டு நான் தேசிக்காய் கொண்டு போகேல்லை. அவ கையை நீட்டினவ. இப்பிடித்தான், ஒண்டும் பேசாமல். எனக்கு விளங்கேல்லை. தாகமாக்கும் எண்டு தண்ணியைக் குடுத்தனான்."

படத்தின் அந்த முடிவு நான் எழுதி, நான் எடுத்தது. அதைத் தெரியாமல் இருந்தது அவர் பிழை இல்லை என்று சொல்லப் பார்த்தேன். கடைசியில், "குடிச்சவவோ?" என்று கேட்டேன்.

"ஓம். சிரிச்சுச் சிரிச்சுக் குடிச்சவ. புரையேறிப் போச்சு."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். மேசையில் நான் வைத்த தண்ணீரை அப்போதுதான் எடுத்துக் குடித்தார். பிறகு கிளிவெட்டி பஸ்ஸுக்குப் போனார். அவருக்கு ஆறுதல் கொடுத்தேனா, புதுக் கவலை ஒன்றைக் கட்டிக் கொடுத்தனுப்பினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வதனியின் முகமும் குரலும் என்னிடம் படமாகப் பத்திரமாக இருக்கின்றன. கேட்பவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். ஆனால் நான் எனக்கென்று வைத்துக்கொள்வது நான் படம் பிடிக்காத வதனியை: தேசிக்காய் கேட்டுக் கை நீட்டி, தண்ணீரை வாங்கி, அவர் மனம் நோகாமல் அதைச் சிரித்துக்கொண்டு குடித்தவளை.