ரூபியக்கா வாளியில் கரைத்த மாத்திரைகள்

ரூபியக்கா செத்துப்போனார்.

இன்று காலை, மதுரையில், ஆஸ்பத்திரியில். ஆமாம்... ஆஸ்பத்திரியில்தான்.

ஃபேஸ்புக் முழுக்க அவர் போட்டோதான். "விசுவாச வீராங்கனை", "தொட்டாலே சுகம் தந்த கை" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் எழுதுவேன். அந்தக் கையை எனக்கும் தெரியும்.

லூர்து போன் பண்ணினாள். எங்களோடு அதே ஜெப வீட்டில் கிடந்து, எனக்குப் பின்னால் வெளியே வந்தவள்.

"மதினி, அடக்கத்துக்கு வாரீகளா? என்ன இருந்தாலும் செத்துப்போனாக... மன்னிச்சிருங்க."

"ஒம் பிள்ளை கண்ணாடியப் பிடுங்கி வச்சுக்கிட்டு, ஒரு வருசம் போர்டு தெரியாம உக்கார வச்சாகளே. நீ மன்னிச்சிட்டியா?"

"...இல்ல மதினி."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டி உபதேசம்? போனை வையி."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் செக்காலையில் ஒரு மாடியில் இருந்தது அந்த ஜெப வீடு. நாங்கள் தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அங்கே போனதும் ஜெபமாலை கூடாது, பங்குக் கோயில் கூடாது, சொந்தக்காரர் கல்யாணம் கூடாது. மருந்து கூடவே கூடாது.

மேலே ஐயா என்று ஒருவர். வீடு வீடாக வந்து சோதனை போடுவது ரூபியக்கா.

என் வீட்டுக்காரர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். விசில் ஊத மூச்சு இல்லாமல் இருமினார். டி.பி. என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒண்ணுக்கு செவப்பாப் போகும். பயந்துறாதீக. அது மாத்திரைக் கலரு."

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை போட்டது.

அப்போதுதான் ரூபியக்கா வந்தார். பேசிக்கொண்டே போய் அரிசிப் பானையைத் திறந்தார். கையை விட்டு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார்.

"என்னடி செல்வி, அரிசியில கல்லு கிடக்கும்னு பாத்தா மாத்திரை கிடக்கு?"

"அவுகளுக்குத்தான்க்கா. இன்னும் நாலு மாசம் இருக்கு."

"இருமலே நின்னுபோச்சு, இன்னும் என்ன நாலு மாசம்? ஆண்டவர் சொகம் குடுத்துட்டாரு. நீ டாக்டருக்குக் கும்பிடு போடுறியா?"

அந்த ஜெப வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர் வைப்பார்கள். வியாதிக்காரர் தன் கையாலேயே மருந்தை அதில் போட்டுக் கரைக்க வேண்டும். அப்புறம், சுகமாகிவிட்டது என்று மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் கேப்சூல் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினார். தண்ணீர் சிவந்துபோனது. ரூபியக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை விட்டுக் கலக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர் வெள்ளையாகப் போனது. மாத்திரையை நிறுத்தினால் அப்படித்தான் போகும். ரூபியக்கா துள்ளிக் குதித்தார். "பாத்தியா! வியாதி ரத்தமெல்லாம் வடிஞ்சு சுத்தமாயிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை நீதான் சாட்சி."

நர்ஸ் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பொய். மைக்கைப் பிடிக்கும்போது ஞாபகம் இருந்தது. இருந்தும் சாட்சி சொன்னேன்.

மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் மாதம் இருமல் திரும்பி வந்தது. துண்டில் ரத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ரூபியக்காவிடம் கெஞ்சினேன். "சாட்சி சொன்ன வாயி இது. இப்ப அங்குட்டுப் போனா ஆண்டவரையே பொய்யராக்குற. ஒன் சந்தேகம்தான்டி அவுக நெஞ்சுல இருமுது" என்றார்.

என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். "வேணாம் செல்வி. நாமதான் சொல்லிட்டோமே..."

கடைசியில் சாக்கோட்டையிலிருந்து என் தம்பி வந்து, யாரையும் கேட்காமல் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் போய்விட்டார்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்திருப்பேன். மருந்தைக் கொட்டியது என் வீட்டுக்காரர் கை, சாட்சி சொன்னது என் வாய்.

ஆனால் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார் ரூபியக்கா. நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்தார். நான் கேட்கவே சொன்னார்: "ஒங்கம்மா முழுசா நம்பியிருந்தா ஒங்கப்பா இருந்திருப்பாக, கண்ணு."

ஒன்றரை வருஷம் என் மகள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இப்போது பேசுகிறாள். அவளுக்கும் பிள்ளைகள் வந்தாயிற்று. எது மருந்து, எது ஏமாற்று என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்குள் சண்டை வந்தால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிவிடுவாள்... மீதி என்ன என்று எனக்குத் தெரியும்.

ஏழெட்டு வருஷம் முன்னால், ஒரு மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் நின்றார் ரூபியக்கா. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை... ஒரு பை நிறைய.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "வயசாயிருச்சுல்ல செல்வி... போடாம முடியுதா?"

எத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு. கடைக்காரர் "ஒங்களுக்கு என்ன வேணும்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்.

ரூபியக்கா... என் சந்தேகம் அவுகளைக் கொல்லல. மாத்திரைய நிறுத்துனோம், செத்தாக. இதை நான் சொன்னா எம்மக நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லியிருக்கணும். ஒரு நாள், ஒரு அஞ்சு நிமிசம்.

சொல்லாமலே போயிட்டீக.

போங்க.