கொக்கி நகர்ந்த தூரம்

தேநீர் ஆறுவதற்குள் அத்தை ஒரு வேலை செய்வாள். தையல் மெஷினுக்கு முன்னால் நின்றபடியே, தன் கருநீலப் பாவாடையின் இடுப்புக் கொக்கியைப் பிரிப்பாள். கழற்றுவதில்லை, குனிந்து பார்ப்பதும் இல்லை. இரண்டு விரல் துணியைத் தூக்கிப் பிடிக்கும். மூன்றாவது விரலுக்குள் ஊசி எப்போது வந்தது என்றே தெரியாது. கொக்கி ஒரு நூல் அகலம் தள்ளி உட்காரும். நூலைப் பல்லால் கடித்துவிட்டு டம்ளரை எடுத்தால் சூடு சரியாக இருக்கும்.

என் மாமாவின் மனைவி அவள். வணிக வளாகத்தில், படிக்கட்டுக்கு அடியில், துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். எதிரே ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. மதியச் சாப்பாடு அவள் கடையில்தான். கொக்கி நகர்வதை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கைப்பழக்கத்தின் அழகு என்று மட்டுமே நினைத்தேன். எனக்கு இடுப்பு இறுகினால் மூச்சு முட்டும், கண்ணாடி பார்ப்பேன், கவலைப்படுவேன். அத்தைக்கு எதுவுமே இறுகியதில்லை. இறுகுவதற்கு முன்பே தளர்த்திவிடுகிற கை அது.

கடையில் இன்னொருத்தி உண்டு. பொத்தான் துளை போடுகிறவள், ஆகவே பெயர் காஜாக்கா. அத்தையைவிட நாலைந்து வயது மூத்தவள். அத்தையை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவாள்.

வளாகத்தில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே மாதிரி கோட்டு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிதாகத் தைப்பானேன் என்று அத்தை தன் பழைய கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினாள். முன்பக்கம் சேரவில்லை. இரண்டு பக்கப் பொத்தான் பட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

காஜாக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன மாஸ்டர், ஏதாவது விசேஷமா? சொல்லவே இல்ல! மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்கு நான் முடி வெட்டினாலே தெரியாது. இது எங்க தெரியப் போவுது," என்று அத்தையும் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. வாடிக்கையாளரை நிறுத்திவைத்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கோட்டின் தோள் தையலைக் கிள்ளிப் பார்த்தாள். துணி தொளதொளவென்று கையோடு வந்தது. மணிக்கட்டு கோட்டின் கைக்குள் ஆடியது.

"அக்கா, இங்க வா. உடம்பு போட்டா தோளும் கையும் சேர்ந்துதானே போடும்? எனக்குத் தோள் மெலிஞ்சு இறங்கியிருக்கு. வயிறு மட்டும் முன்னால வந்திருக்கு."

"வாயு மாஸ்டர். சோடா குடிங்க."

"இது சதை இல்லக்கா. சதைன்னா இப்படி நிக்காது." வயிற்றில் விரல்களை வைத்து அழுத்தினாள். "நாலு வாய் சாப்பிட்டா போதும்னு ஆயிடுது. மணிக்கொரு தடவை பாத்ரூம் ஓடறேன். டீ குடிக்கிறதாலன்னு நெனச்சேன். எத்தனை மாசமா கொக்கிய நகத்தறேன்னு எனக்கே தெரியல."

வேறு யாராக இருந்தாலும் அவர்களுடைய துணி எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கும். அவள் துணியை மட்டும் அவளே வாய் திறக்க விடாமல் பார்த்துக்கொண்டாள்.

மெஷினை மூடினாள். மாமாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அவரும் சோடாதான் சொன்னார் போலிருக்கிறது. "சோடாவ நீங்க குடிங்க, நான் டாக்டர்கிட்ட போறேன்," என்று வைத்துவிட்டாள். காஜாக்காவும் நானும் கூடக் கிளம்பினோம்.

பெண்கள் மருத்துவர் அவளைப் படுக்கவைத்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார். காஜாக்கா உள்ளே இருந்தாள், நான் கதவுக்கு வெளியே தரைக் கற்களை எண்ணிக்கொண்டு நின்றேன். "தம்பி, நீங்களும் உள்ள வாங்க. உங்க வீட்டுல அம்மா, அக்கா இல்லையா? கேட்டுக்கிட்டுப் போங்க," என்றார். போனேன். காது சுட்டது.

திரையில் ஒரு கரிய ஏரி இருந்தது. ஓரம் வெள்ளையாக, ஒழுங்காக, யாரோ மடித்துத் தைத்தது போல. சினைப்பையில் வளர்ந்த கட்டி. குடலை மேலே தள்ளி, சிறுநீர்ப்பையை நசுக்கி, தனக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தது. அத்தனையும் ஒதுங்கிக்கொடுத்திருந்தன, ஒரு சத்தமும் இல்லாமல். உடம்பும் உள்ளே கொக்கியை நகர்த்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"கெட்டதா டாக்டர்?" என்றாள் அத்தை.

"எடுத்துப் பரிசோதிச்சாத்தான் சொல்ல முடியும். வந்துட்டீங்க பாருங்க, அது நல்லது. வயித்து உப்புசம் எல்லாருக்கும் வரும், போகும். போகாம ரெண்டு மூணு வாரம் தங்கிட்டா, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்சா, அடிவயிறு வலிச்சா, அடிக்கடி சிறுநீர் வந்தா, வாயுன்னு நீங்களே முடிவு பண்ணக்கூடாது."

"அப்ப சோடா?" என்றாள் காஜாக்கா.

"சோடாவ விடுங்கம்மா. மாசவிலக்கு நின்னு வருஷமானவங்களுக்கு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரணும். வலி இல்லையேன்னு காத்திருக்கக்கூடாது. இதையெல்லாம் ஒளிச்சு வைக்கறதுலதான் நம்ம பொம்பளைங்க கெட்டிக்காரங்க."

"எங்க மாஸ்டருக்கு ஒளிக்கவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது," என்று காஜாக்கா அத்தையின் தோளைத் தட்டினாள். மருத்துவர்கூடச் சிரித்துவிட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டி முழுசாக, உடையாமல் வந்தது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் மாமா சாப்பிட மறந்தார். அத்தை படுத்தபடியே அவருடைய சட்டைக் காலரைத் திருப்பித் தைத்தாள். பயமா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா இப்ப என்னன்னு தெரிஞ்சு பயப்படறேன்ல?"

புற்று இல்லை என்று வந்தது. மாமா தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

அத்தை கடைக்குத் திரும்பியதும், காஜாக்கா தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி நீண்ட விடுப்பு எடுத்தாள். ஒரு வருடம் கழித்துத்தான் அத்தை எனக்குச் சொன்னாள். காஜாக்காவுக்கு மாசவிலக்கு நின்று பல வருடங்களுக்குப் பிறகு மாதக்கணக்காக ரத்தம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நாங்கள் போய்வந்த மறுநாள் காலை, தனியாக அதே மருத்துவரிடம் போயிருக்கிறாள். கருப்பையில் புற்று, ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தங்கையே கிடையாது.