சாகிற செல்களை எண்ணுகிறவள்

எங்கள் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவளுக்குப் பட்டப்பெயர் கணக்கக்கா. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியவர்களை டாக்டர் மெல்லிய ஊசியால் குத்தி, வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துத் தருவார். அதற்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் சாகிற செல்களை எண்ணுவது எங்கள் இருவரின் வேலை. தனித்தனியாக எண்ண வேண்டும். கலந்து பேசக் கூடாது.

செல் சாவதை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. சத்தமில்லாமல் சுருங்கும், உள்ளே கறுத்து உருண்டை உருண்டையாக உடையும், பக்கத்துச் செல் அதை விழுங்கிவிடும். பிணம் தூக்க ஆளே வேண்டாம். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதைவிட ஆச்சரியம், நிணநீர்ப் புற்றில் சாவு அதிகமென்றால் பெரும்பாலும் பிறப்பும் அதிகம். நோய் ஓடுகிற வேகத்தைச் செத்தவை சொல்லிவிடும்.

அவள் தம்பிக்கே கழுத்தில் கட்டி வந்தது. தையல்காரன், சரியான வாயாடி. "சொந்தத் தம்பி ஸ்லைடைத் தொடாதே" என்றேன். கேட்டால்தானே! அவள் சொன்ன கணக்கைப் போல மூன்று மடங்கு வந்தது என் கணக்கு. அவளை மைக்ராஸ்கோப் முன் இழுத்து உட்காரவைத்தேன்.

"இது என்ன?"

"உயிரோட இருக்கு."

"கறுத்துச் சுருங்கிக் கிடக்கு, இதுக்கா உயிர் இருக்கு?"

"வேணும்னு பண்ணலடி. என் கண்ணு அப்படித்தான் பார்த்துச்சு" என்று அழுதாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. "வேகம் கம்மின்னு நினைச்சு, பொறுத்துப் பார்க்கலாம்னு விட்டுடுவாங்க. உன் தம்பி கழுத்தை நீயே அறுக்கப் போறியா?"

டாக்டர்தான் தணிவாகப் பேசினார். "வேகமா வளர்றதுதான்மா பல பேருக்கு மருந்துலயும் வேகமா சாகுது. மெதுவா வளர்றது லேசுல விட்டுப் போகாது. உள்ளதை உள்ளபடி எண்ணுங்க, வழி இருக்கு."

முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். என் கணக்கைவிட ஒன்று கூடுதல். நான் தவறவிட்ட செல்லை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். மற்ற சோதனைகளும் அதையே சொல்ல, கடுமையான மருந்தை உடனே தொடங்கினார்கள்.

தம்பிக்கு முடி கொட்டியது. வாய் மட்டும் ஓயவில்லை. சில மாதம் கழித்து டாக்டர் அவன் கழுத்தைத் தடவித் தடவித் தேடினார். ஊசி குத்த அங்கே எதுவும் இல்லை.

"எங்கக்கா எண்ணினா என்னைக்குமே தப்பாது டாக்டர்!" என்று பீற்றிக்கொண்டான் அவன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.