பினாங்குக் கணக்கில் ஒரு கையெழுத்து

"இங்கிலீஷு படிச்ச பொண்ணு. வாய்தான் இல்லை, கை இருக்கு."

பொன்னமராவதி தபாலாபீஸில் இரண்டு பெண்கள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நான் நின்றதைப் பார்க்கவில்லை. சொன்னது சரிதான். பி.ஏ. முடித்து வீட்டிலிருந்த எனக்கு வாய்த்த வேலை, கடல் கடந்த பேங்குகளில் கணக்குத் திறப்பவர்களுக்குக் காகிதம் நிரப்பித் தருவது. பிறருக்காகக் காகிதம் நிரப்பிப் பழகியவர்களுக்குத் தெரியும், எழுதுவது சுலபம், கேட்பதுதான் கஷ்டம்.

தொழில்

அழகம்மாள் அக்காவின் புருஷனுக்குப் பினாங்கில் கடை வேலை. இருவர் பேரிலும் அங்கே கணக்குத் திறக்கக் காகிதம் அனுப்பியிருந்தார். 'தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியதை அக்கா படித்துக் காட்டச் சொன்னாள். 'ஒன்றுமில்லை' என்றேன்.

"ரெண்டு மாடு, கொஞ்சம் வயலு, படுத்த படுக்கையா மாமியா. ஒண்ணுமில்லைன்னா இதையெல்லாம் யாரு பாக்குறா?"

மாதிரி

மாதிரி அட்டையில் பேங்கு கேட்டது மூன்று கையெழுத்து, மூன்றும் ஒரே மாதிரி. அக்கா ஒரு வாரம் சிலேட்டில் எழுதிப் பழகினாள். அப்படியும் அட்டையில் இரண்டாவது சற்றுச் சாய்ந்துவிட்டது. தயங்கித் தயங்கிச் சுட்டிக் காட்டினேன்.

"மூணு தோசை சுட்டா மூணும் ஒண்ணாவா இருக்கு? பினாங்குக்காரவுக தோசை தின்னதில்லையா?"

திரும்பி வந்த கடிதம்

மறு வருஷம் அக்காவின் புருஷன் பினாங்கிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இங்கே மழையும் இல்லை. அந்தக் கணக்கில் இருந்ததுதான் இனி இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு. அவர் இறந்ததைச் சொல்லி, பணத்தை அனுப்பக் கேட்டு நான் கடிதம் எழுத, அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. மாதிரி அட்டையில் பெயருக்கு மேல் ஒரு குறி இருக்கிறதாம், இதில் இல்லையாம், ஆகவே கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.

அது பிள்ளையார் சுழி. புதுக் கணக்காயிற்றே என்று மூன்று கையெழுத்துக்கும் மேலே அக்கா போட்டிருந்தாள். கையெழுத்தோடு அது சேரக்கூடாது என்று அன்றே எனக்குத் தெரியும். சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன். இப்போது சொன்னேன்.

அக்கா கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவுக் காகிதத்துல சுழி போடுவாகளா ஆத்தா?"

புதிதாக ஒரு கடிதம் எழுதி அவள் முன்னால் வைத்தேன். பார்க்க வேண்டாமென்று அவள் பிள்ளைகள் இரண்டையும் கிணற்றடிக்கு அனுப்பினாள். பேனாவை வாங்கிச் சுழியைப் போட்டு, அதன் கீழே தன் பெயரை எழுதினாள்.