இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று ஊரே சொன்னது. பெரியவளும் சின்னவளுமோ சேர்ந்து ஒரு பார்லரையே நடத்தினார்கள். பெரியவளுக்கு வாய், சின்னவளுக்குக் கை. அவள் கத்தரியை எடுத்தால் அடங்காத முடியும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அந்தக் கைதான் ஒருநாள் மரத்துப்போனது. கூடவே இடது கண்ணில் மங்கல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறையைப் பகையாளி என்று நினைத்து உடம்பே அரிக்கும் நோய். ஒருநாள் விட்டு ஒருநாள் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகினாள். தொடையெல்லாம் கட்டிதட்டியது, ஆனால் கைக்கு உணர்வு திரும்பிவிட்டது. வருடங்கள் ஓடின.

இந்த முறை எடுத்த ஸ்கேனில் மூளையில் புதிதாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

"இந்த ஊசி போதலை. வேற மருந்துக்கு மாறலாம்," என்றார் டாக்டரம்மா.

"நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. உள்ள அது சும்மா இல்லை."

வழி இரண்டு இருந்தது. தினமும் மாத்திரை: ஓரளவு வீரியம், வயிற்றைப் புரட்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் மருந்து: நோயை நன்றாக அடக்கும், கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கும். அபூர்வமாகப் பெரிய தொற்றும் வரலாம்.

"தும்முறவ, இருமுறவ எல்லாம் உன் மூஞ்சிக்கு நேராத்தான் உட்காருறாங்க. டிரிப்பு வேண்டவே வேண்டாம்," என்றாள் பெரியவள்.

"மூளையில புள்ளி வந்திருக்கு அண்ணி. பலமானதையே போடட்டும்," என்றான் கணவன்.

ராத்திரி இருவரும் தனித்தனியே யோசித்தார்கள் போலிருக்கிறது. காலையில் பெரியவள், "கை போயிட்டா என்னடி பண்ணுவே? டிரிப்பே போட்டுக்க," என்றாள். கணவனோ, "அபூர்வம்னாலும் யாருக்கோ வருதில்ல?" என்று இழுத்தான்.

"ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறிட்டீங்களே! நான் யார் பக்கம் போறது?" சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்தது.

அன்று ஒரு பெண்ணின் நெற்றி முடி விரற்கடை கூடுதலாகப் போய்விட்டது. இது குழப்பத்தில் நடந்ததா, நோய் எட்டிப்பார்க்கிறதா? அதுவும் புரியவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனாள். "என் இடத்துல நீங்க இருந்தா?"

"உங்க வேலை என் வேலை இல்லையேம்மா. எது போனா உங்களால தாங்க முடியாது?"

"கை." யோசிக்காமல் வந்த பதில் அவளையே திடுக்கிட வைத்தது. "மாறாமலே இருந்துட்டா?"

"அதுவும் ஒரு முடிவுதான். அதுலயும் ஆபத்து இருக்கு."

சும்மா இருந்தால் முடிவெடுக்க வேண்டியதில்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! டிரிப்புக்கே சம்மதித்தாள். முதலில் தடுப்பூசிகள், பிறகு மருந்து. பாதியில் தொண்டை அரித்தது; நர்ஸ் வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. அதன்பின் பிடித்த ஒரு சளி வாரக்கணக்கில் விடவில்லை. பெரியவள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முகக்கவசம் மாட்டிவிட்டாள்.

அடுத்த ஸ்கேனில் புதுப் புள்ளி இல்லை.

"மருந்து கேட்டுச்சா, இல்லை தானாவே வராம இருந்திருக்குமா டாக்டர்?"

"ஒருத்தர் விஷயத்துல அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

வெளியே கணவன் காத்திருந்தான். "என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காம்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"தெரியலைங்க. பசிக்குது. அது மட்டும் நல்லாத் தெரியுது."