அத்தானின் பாதுகாப்பு அனுமதி

அத்தான் ராணுவ ரேடார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். உள்ளே போகப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விசாரித்துப் புதுப்பிப்பார்கள். அது போனால் பட்டறை வேலையும் போயிற்று.

வேலையைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்பது விதி. அக்கா ஏதாவது கேட்டால் "ஆபீஸ் விஷயம்" என்பார். "உங்கத்தான் வாய்க்குப் பூட்டு, சாவி ராணுவத்துக்கிட்ட" என்று அக்கா என்னிடம் சிரிப்பாள்.

மூன்று வருடங்களுக்கு முன் இரண்டாவதாக ஒரு போன் வாங்கினார். அதில் பணம் கட்டிச் சீட்டாடினார். விட்டதைப் பிடிக்க ஒரு கடன், அதை அடைக்க இன்னொன்று. குளியலறைக்கும் அந்தப் போன் கூடவே போகும். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஆபீஸ் போன்" என்றார். அத்தோடு சரி.

இந்த முறை படிவத்தில் சூதாட்டம் உண்டா, கடன் உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்த அன்று நான் லீவில் அங்கே இருந்தேன். நடுவயதுப் பெண்மணி. அத்தானைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அக்காவிடம் குடும்பச் செலவு, அவருடைய பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்தார். புருஷனுக்கு நல்ல பேர் வாங்கித்தர அக்காவுக்கு ஆசை.

"அவரு ரொம்பக் கவனமானவருங்க மேடம். நீங்க குடுத்த போனைக்கூட எங்களத் தொட விடமாட்டாரு."

"எந்தப் போன்மா?"

"ஆபீஸ் போன். ராத்திரி பகலா அதுலதான வேல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "நாங்க யாருக்கும் போன் குடுக்கறதில்லம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி அத்தானைக் கூப்பிட்டார். அந்தப் போனை வாங்கிப் பார்த்ததும் சீட்டாட்டமும் கடனும் வெளியே வந்தன.

"கடன் யாருக்குத்தான் இல்ல சார். முன்னாடியே சொல்லியிருந்தா, எப்படி அடைக்கப் போறீங்கன்னு கேட்டிருப்போம். இப்ப மறைச்சுட்டீங்க. இத வச்சு நாளைக்கு எவனாவது மிரட்டினா, எத எடுத்துக் குடுப்பீங்க?"

"இல்ல மேடம்" என்றார். எதற்கு இல்லை என்று யாருக்கும் புரியவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதற்குள் நான் என் வேலைக்குத் திரும்பியிருந்தேன். வீடியோ காலில் இருந்த எனக்கும் சேர்த்து அத்தான் வாசித்தார். அனுமதி ரத்து. ஒரு வருடம் கடனை ஒழுங்காக அடைத்துக் காட்டினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரை பட்டறை மதிலுக்கு வெளியே கிடங்கில் கையுறைகளை எண்ணி அடுக்கும் வேலை, பாதிச் சம்பளம். வானிலை அறிக்கை மாதிரி வாசித்தார்.

"மறுபடி எழுதிப் போடுவீங்களா?" என்றாள் அக்கா.

"போடணும்."

"திரும்ப என்கிட்ட வந்து கேப்பாங்களே."

"கேப்பாங்க. தெரிஞ்சதச் சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடன் கொடுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான்காவது பெயர் வரை அக்கா நின்றாள். பிறகு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். அவர் மீதியை என்னிடம் சொன்னார்.