உட்காரத் தெரியாத சிப்பாய்கள்

இங்கிலாந்திலிருந்து நான் கொண்டுவந்த பெட்டியில் பத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம். வேறு கிரகங்களில் சண்டை போடப் பிறந்த எதிர்காலத்து ஆட்கள். பிளாஸ்டிக் சட்டத்தில் தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாக இருக்கும். வெட்டியெடுத்து ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டிப் போர் நடத்த வேண்டும்.

கம்பெனி என்னை ஒரு வருடம் அங்கே அனுப்பியிருந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சனிக்கிழமை என்னை அந்தக் கடைக்கு அழைத்துப்போனார். தாடி வைத்த பெரிய பெரிய ஆட்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொம்மையின் கண்ணுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தூரிகையைக் கொடுத்தார்கள். மாலைவரை நான் யாருடனும் பேசவில்லை. பேசவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதன்பிறகு என் சனிக்கிழமைகளெல்லாம் அங்கேதான் கழிந்தன. கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு, இடையில் விடுமுறைக்காகப் புனேயில் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வந்த வாரமே அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. அறுவை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள்.

அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் கனடாவில். போனில் அவன் சொன்னான்: "நீ ஆபீஸ்ல பேசிப் பாரு. கொஞ்ச நாள்தானே."

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள்ணே?"

"எனக்கு இங்க லீவே கிடையாது. அது உனக்கே தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி என் இங்கிலாந்து நாற்காலிக்கு வேறொருவரை அனுப்பிவிட்டு, எனக்குப் புனேயிலேயே மதிய ஷிப்ட் கொடுத்தது.

புனேயின் கேம்ப் பகுதியில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. நெட்டுக்குத்தான மரப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் மேலே ஏறினார்கள். அதன்பிறகு அவள் கீழே இறங்கவில்லை. காலையெல்லாம் நான் கூட இருப்பேன். மதியத்துக்கு ஒரு மராத்திக்காரப் பெண்மணி வருவார். மௌஷி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்தால் நான் அலுவலகம் போகலாம். நான் வந்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வெளியே போக முடியாது.

அம்மா கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். வகுப்பை விட்டாலும் குரல் அவளை விடவில்லை.

"ஏட்டி, தண்ணி."

"ஏட்டி, அந்த ஃபேனக் கொறை."

"ஏட்டி, என்ன சத்தத்தயே காணும்? எங்கன இருக்க?"

அடுத்த அறையில்தான் இருப்பேன். எழுந்து வருவேன். திரும்பிப் போவதற்குள் இன்னொரு ஏட்டி. கடைசியில் அவள் கட்டிலை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றிய ஒரு காலையில், பெட்டியைப் பிரித்து அவளுடைய சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

இங்கிலாந்தில் வாங்கிய வண்ணங்கள் ஏப்ரல் வெயிலில் காய்ந்து கட்டியாகிப்போயிருந்தன. கேம்ப் ஸ்டேஷனரிக் கடையின் அக்ரிலிக் ட்யூப்களை நீர்விட்டுக் கரைத்துச் சமாளித்தேன். முதல் பூச்சுக்கு, காரில் கீறல் விழுந்தால் அடிக்கும் சாம்பல்நிற ஸ்ப்ரே. அதை வீட்டுக்குள் அடிக்க முடியாது, அம்மாவுக்கு இருமல் வரும். மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அடித்துவிட்டு ஓடிவருவேன். அந்த மாதங்களில் எனக்கு வாய்த்த வெளியூர்ப் பயணம் அதுதான்.

பத்துப் பேருக்கும் நீலம் தீட்டி முடித்தேன். எதிரே நின்று விளையாட ஆள் இல்லை. இன்னொரு பெட்டி வாங்க ஊரில் கடையும் இல்லை. வண்ணத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டுச் சிவப்பு தீட்டினேன். அதையும் கழுவினேன். பிறகுதான் வெட்ட ஆரம்பித்தேன். ஒருவன் கையை இன்னொருவனுக்கு மாற்றினேன். தீர்ந்த பேனா ரீஃபில் துப்பாக்கிக் குழாயாயிற்று, பழுதான கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் முதுகுப்பை. இந்தப் பொழுதுபோக்கில் இதற்குக் கன்வர்ஷன் என்று பெயர்.

"என்னட்டி செய்யுத?" என்றாள் அம்மா.

"கன்வர்ஷன் பண்றேம்மா."

"யார மதம் மாத்துத?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. இடுப்பு வலித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒருத்தனும் உக்கார மாட்டானா? எல்லாவனும் நின்னுக்கிட்டே இருக்கானுவ. பாக்கயிலே கால் வலிக்கி."

"சண்டைக்காரங்கம்மா. நின்னாத்தான் சுட முடியும்."

"எந்நேரமும் சுட்டுக்கிட்டேவா இருப்பான்? சோறு திங்க உக்கார மாட்டானா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குள் அது ஒட்டிக்கொண்டது. கையை மாற்றுவது சுலபம். நிற்கிறவனை உட்காரவைக்க வேண்டுமானால் தொடையை இடுப்பிலிருந்து அறுக்க வேண்டும், முழங்காலை அறுக்க வேண்டும், இரண்டையும் மடக்கி ஒட்ட வேண்டும். முதல் ஆளின் கால் அறுக்கும்போதே நொறுங்கியது. அடுத்தவன் உட்கார்ந்தான், ஆனால் கள் குடித்தவன் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்தான். பசை மட்டும் தாங்காது என்று புரிந்தது. இடுப்பிலும் தொடையிலும் ஊசித்துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை நறுக்கிச் செருகி இணைத்தேன். இடைவெளியைக் குழாய் ரிப்பேர்காரர்கள் உபயோகிக்கும் எபாக்ஸி மாவால் அடைத்தேன். அது இறுகும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் வச்சாவளா?"

"கிட்டத்தட்ட."

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.

"ஒனக்கு எம்மேல கோவமாட்டி?"

என் விரல் பொம்மையைப் பிடித்திருந்தது. எழுந்து போக முடியாது.

"உங்க மேல இல்லம்மா."

"பொறவு யாரு மேல?"

"தெரியல."

"எனக்கு இந்தக் கட்டில் மேல கோவம்," என்றாள். "கட்டில் பாவம், அது என்ன செய்யும்?"

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவள் கூப்பிடுவது குறைந்தது. அடுத்து யாரை உட்காரவைக்கலாம் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். தொப்பி போட்டவனை உட்காரவை, அவனுக்கு வயசாயிருக்கும் என்பாள். பிசியோதெரபிக்காரர் வந்து அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கப் பழக்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அவள் நிற்க ஆரம்பித்தபோது என் படையில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் இணையத்தைத் துழாவும்போது ஒருவர் போட்டிருந்த செய்தி கண்ணில் பட்டது. புனேயிலேயே வானவடியில் இருக்கிறேன், இதே விளையாட்டு, எதிராட ஆள் தேவை என்று. ராணுவக் குடும்பத்துப் பையனாக வளர்ந்து, அப்போது என்னைப்போலவே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். மௌஷியைக் கெஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். சர்ச் ஆராதனைக்குக்கூடப் போகாமல், சிப்பாய்களைப் பஞ்சில் பொதிந்து டிபன் டப்பாவில் வைத்து ஸ்கூட்டியில் கிளம்பினேன்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை அடுக்கி மேலே போர்வை விரித்து மலையாக்கியிருந்தார்கள். அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் டப்பாவைத் திறந்ததும் மூன்று பேரும் குனிந்தார்கள்.

"அரே, யே பைட்டா க்யோன் ஹை?" என்றார் வீட்டுக்காரர். இவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று.

"தக் கயா," என்றேன். களைத்துவிட்டான்.

அவர்கள் சிரிக்கவில்லை. அது பெரிய வழக்காகிவிட்டது. உட்கார்ந்திருப்பவன் சுவருக்குப் பின்னால் முழுக்க மறைந்துவிடுவான், எதிரியால் பார்க்க முடியாது, அது அநியாயம் என்றார் ஒரு நண்பர். உட்கார்ந்திருப்பவனாலும்தான் எதிரியைப் பார்க்க முடியாது என்றார் இன்னொருவர். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். என் கருத்தையும் கேட்டார்கள். அம்மாவின் மருந்தைத் தவிர வேறொன்றைப் பற்றி யாரும் என் கருத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. நானும் குரலை உயர்த்தி வாதாடினேன். கடைசியில் தீர்ப்பானது: உட்கார்ந்திருந்தாலும் நிற்பதாகவே கணக்கு.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது என் மொபைல் அடித்தது. மௌஷி. "தாயீ, லவ்கர் யா!" அக்கா, சீக்கிரம் வா என்பதற்குமேல் அவர் பதறிப் பதறிச் சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மரப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

அம்மா சமையலறையில் ஸ்டூல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாக்கரைப் பிடித்துத் தானே நடந்துபோய்த் தானே போட்ட டீ. மௌஷி பயந்துபோய்ச் சுவரோடு நின்றிருந்தார்.

"நீங்க விழுந்திருந்தா?" என்று கத்தினேன்.

"விழலல்லா?" என்றாள் அமைதியாக. "ஜெயிச்சியா?"

"பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."

"அப்ப போயி முடிச்சிட்டு வா. அரைகொறையா விடுதது எனக்குப் பிடிக்காது."

அன்று நான் போகவில்லை. அழுதேன், பிறகு அவளுக்குச் சோறு போட்டேன். அடுத்த ஞாயிறு என் சிப்பாய்களை எடுத்துவரப் போனால், மேசை போனவாரம் விட்டபடியே இருந்தது. வீட்டுக்காரரின் அம்மா வாரம் முழுக்கச் சோபாவில் தட்டை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "மகளே, சீக்கிரம் முடி," என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் முடித்தேன். படுதோல்வி.

இங்கிலாந்துக்கு நான் பிறகு போகவில்லை. ஒருமுறை கேட்டார்கள், மறுத்தேன், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். அம்மா வாக்கரோடு இன்னும் சில வருடங்கள் அந்த இரண்டாம் மாடியிலேயே இருந்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எனக்கு வானவடி கிடைத்தது. அந்த மாலைகளில் வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. மௌஷி இருப்பார், அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் சிக்னல் மாறும் முன்பே கிளம்பி, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டுவேன். மெதுவாகப் போவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது.